பத்து கிராமின் விலை

மளிகைக் கடையில் கொள்ளும் பாதாமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில்லை. கொள்ளு வாசலோரச் சாக்கில் இருக்கும். பாதாம் கல்லாவுக்குப் பின்னால், கண்ணாடி ஜாடியில். புரதத்தைப் பொறுத்தவரை கொள்ளுதான் ஒரு படி மேலே: 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம், பாதாமில் சுமார் 18.4. கொள்ளு கிலோ 80 ரூபாய், பாதாம் கிலோ 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கொள்ளிலிருந்து 10 கிராம் புரதம் பெற ஆகும் செலவு 4 ரூபாய்க்கும் குறைவு. பாதாமில் அதே 10 கிராமுக்கு 49 ரூபாய். பாதாமில் வேறு நன்மைகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பிள்ளைக்குச் சத்து வேண்டுமென்று தினமும் நாலு பாதாமை ஊறவைத்துத் தோலுரித்துக் கொடுக்கிற வீட்டில், அந்த நாலு பாதாமில் போய்ச் சேருவது ஒரு கிராம் புரதம்தான்.

இந்தக் கணக்குக்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம். பொருளின் கிலோ விலையை, அதன் 100 கிராமில் உள்ள புரத அளவால் வகுத்தால் போதும். வருகிற எண்தான் 10 கிராம் புரதத்தின் விலை. எந்தப் பொருளில் எவ்வளவு புரதம் என்பதை ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அட்டவணையாக வெளியிட்டிருக்கிறது. 2017-ல் வந்த பதிப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உணவுப் பொருள்கள் உண்டு. இந்த நிறுவனம் பிறந்தது ஹைதராபாத்தில் அல்ல, குன்னூரில். 1918-ல் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியதுதான் அதன் வேர். 1937-ல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்த சிறு அரசு வெளியீடு வந்ததும் அதே குன்னூர் ஆய்வகத்திலிருந்துதான். 1958-ல்தான் ஆய்வகம் மலையிறங்கி ஹைதராபாத்துக்குப் போனது.

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கீழே வருபவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட விலைகள். வாசகர் தம் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம்.

துவரம் பருப்பு கிலோ 140 ரூபாய் என்றால் 10 கிராம் புரதத்துக்கு ஆறரை ரூபாய். வேர்க்கடலையும் அதே விலையில் கிடைத்தால் 6 ரூபாய். 6 ரூபாய் முட்டையில் ஆறரை கிராம் புரதம் இருக்கிறது, ஆகவே 10 கிராமுக்கு 9 ரூபாய். பால் லிட்டர் 50 ரூபாய் என்றால் 15 ரூபாய். எலும்போடு கிலோ 240 ரூபாய்க்கு வாங்கும் பிராய்லர் கோழியில் எலும்பைக் கழித்துப் பார்த்தால் 17, 18 ரூபாய். மீல் மேக்கரில் 3 ரூபாய்தான். கிலோ 3,000 ரூபாய்க்கு விற்கும் புரதப் பவுடரில், நான்கில் மூன்று பங்கு புரதம் என்று லேபிளை நம்பினாலும், 40 ரூபாய். பாலில் கலக்கும் சத்துபான மாவுகளில் பெரும்பாலானவை 100 கிராமுக்கு 7 முதல் 11 கிராம் வரைதான் புரதம் தருகின்றன. மீதியில் பெரும்பங்கு மால்ட்டும் சர்க்கரையும். கிலோ 500 ரூபாய் என்றால் 10 கிராம் புரதம் 50 ரூபாயைத் தொடுகிறது. பாதாமைவிட மோசம்.

எல்லாவற்றையும்விட மலிவு ரேஷன் கடையில் இருக்கிறது. 2007-ல் தமிழக அரசு தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். துவரை கிடைக்காத காலத்தில் கனடா மஞ்சள் பருப்பு போட்டதும், அது வேகவில்லை என்று வீடுதோறும் புலம்பியதும் பலருக்கு நினைவிருக்கும். 30 ரூபாய்க்குள் 217 கிராம் புரதம். 10 கிராமுக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. வெளிச்சந்தையில் இதற்குப் போட்டியே கிடையாது.

அப்படியானால் புரதக் குறைவு என்ற பேச்சே ஏன் எழுகிறது? பதில் கடையில் இல்லை, கரண்டியில் இருக்கிறது.

நான்கு பேர் உள்ள வீட்டில் மதியச் சாம்பாருக்கு அரை டம்ளர் பருப்பு போடுவார்கள், ஏறக்குறைய 100 கிராம். அதில் இருக்கும் புரதம் 22 கிராம். பருப்பு வெந்து, புளித்தண்ணீரும் காயும் சேர்ந்து, ஒரு சட்டி சாம்பாராகப் பெருகி நான்கு தட்டுக்குப் பிரிகிறபோது ஆளுக்கு ஐந்து கிராம் சொச்சம். பருப்பு விலை ஏறிய மாதத்தில் அரை டம்ளர் கால் டம்ளராகும். சாம்பாரின் அளவு மட்டும் குறையாது. மேலாகத் தெளிந்ததை முதலில் ஊற்றிக்கொண்டவருக்குப் புளியும் மஞ்சளும் கிடைக்கும். ரசத்துக்கு வடித்தெடுத்த பருப்புத்தண்ணீரில் புரதம் இருப்பது பெயருக்குத்தான். நம் சாப்பாட்டில் சோறுதான் சாப்பாடு. பருப்பு, முட்டை, மீன் எல்லாம் அதை உள்ளே இறக்க உதவும் துணை. தொட்டுக்கொள்வதற்கு என்று வைத்த பொருளைத் தொட்டுக்கொள்ளத்தான் செய்வார்கள்.

பலர் எதிர்பார்க்காத விஷயம், அப்படிச் சாப்பிடுகிறவருக்கு அதிகப் புரதம் தருவது அந்தச் சோறேதான். அரிசியில் 100 கிராமுக்கு 8 கிராம் புரதம். ஒரு நாளில் 300 கிராம் அரிசி உள்ளே போனால் 24 கிராம். இந்தியக் கிராமங்களில் உண்ணப்படும் புரதத்தில் இன்னமும் பெரும்பங்கு தானியத்திலிருந்தே வருகிறது. எவ்வளவு தேவை என்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம், 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். ஆனால் இது நல்ல தரமான கலவை உணவுக்கான அளவு. தானியமே பிரதானமாக உள்ள சாப்பாட்டுக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

தரம் என்று எதைச் சொல்கிறார்கள்? புரதம் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் ஒன்பதை உடல் தானாகச் செய்துகொள்ள முடியாது, உணவில்தான் வர வேண்டும். ஒன்பதில் ஒன்று பற்றாக்குறையானாலும் அந்த அளவோடு உடலின் கட்டுமானம் நின்றுவிடுகிறது. மிஞ்சிய மற்ற அமிலங்கள் எரிபொருளாகப் போகும். அரிசியிலும் கோதுமையிலும் குறைவது லைசின். பருப்பில் லைசின் தாராளம், ஆனால் கந்தகம் கொண்ட மெத்தியோனின் குறைவு. அது அரிசியில் இருக்கிறது. ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்புகிறது.

இட்லி மாவை எடுத்துக்கொள்வோம். எடையில் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், மாவின் நான்கில் ஒரு பங்கே உளுந்து. மாவிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய பாதி அந்த உளுந்திலிருந்து வருகிறது. வெண்பொங்கலில் பாசிப்பருப்பும் அடையில் மூன்று நான்கு பருப்புகளும் இதே வேலையைச் செய்கின்றன. ஓட்டல்களில் உளுந்தைக் குறைத்து அவலையும் ஆப்ப சோடாவையும் கூட்டும்போது இட்லி மெத்தென்று வரும், புரதம் போய்விடும்.

இரண்டையும் ஒரே வாயில் சேர்த்துச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை. 1971-ல் வெளியான பிரான்சிஸ் மூர் லாப்பேயின் புகழ்பெற்ற அமெரிக்க நூல் அப்படித்தான் சொன்னது. பத்தாண்டு கழித்து வந்த பதிப்பில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். காலையில் இட்லி, மாலையில் சுண்டல் என்றாலும் அன்றைய கணக்கில் சேர்ந்துவிடும்.

தரத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு: சாப்பிட்டதில் எவ்வளவு செரிக்கிறது என்பது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனுரா குர்பாடின் குழு, ஐசோடோப்பு அடையாளமிட்ட பயறையும் முட்டையையும் மனிதர்களுக்குக் கொடுத்து, எவ்வளவு அமினோ அமிலம் இரத்தத்தில் சேர்கிறது என்று அளந்தது. அடையாளமிட்ட முட்டைக்காக, அடையாளமிட்ட தீவனம் தின்ற கோழியை வளர்க்க வேண்டியிருந்தது. முட்டையிலும் கோழி இறைச்சியிலும் 90 சதவீதத்தை ஒட்டிச் செரித்தது. முழுப் பாசிப்பயறில் சுமார் 60 சதவீதம்தான். தோல் நீக்கியபோது அது கூடியது. முழுப் பயறு அப்படியே சிறந்தது, தோலில்தான் எல்லாம் இருக்கிறது என்ற பேச்சை இந்த இடத்தில் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். நார்ச்சத்து வேண்டுமானால் தோல் நல்லது. புரதம் வேண்டுமானால் உடைத்த பருப்பு. பயறுகளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் உண்டு, கொள்ளிலும் சோயாவிலும் அதிகம். ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, குக்கரில் நன்றாக வேகவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். முட்டைக்கும் நெருப்பு தேவை. 1998-ல் வந்த பெல்ஜிய ஆய்வு ஒன்றில் வேகவைத்த முட்டையின் புரதம் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51 சதவீதம். ஜிம்மில் பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பவர் பாதிக் காசைக் கழிவறைக்கு அனுப்புகிறார்.

செரிமானத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் பருப்புக்கும் முட்டைக்கும் உள்ள விலை இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. சந்தை விலைத் துவரையை விட முட்டை அப்போதும் சற்று விலை கூடுதல்தான்; ஆனால் உரிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத, ஒரு குழந்தையின் பங்கை இன்னொருவர் தண்ணீர் ஊற்றிப் பெருக்க முடியாத உணவு அது. சாம்பாரை நீட்டலாம், முட்டையை நீட்ட முடியாது. பள்ளிச் சத்துணவில் முட்டை வந்ததன் உண்மையான பலன் இதுதான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது சோறும் சாம்பாரும்தான். 1989-ல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, 2010-ல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்றானது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். புரதக் கணக்கில் அது ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பள்ளியில் தினமும் முட்டை சாத்தியமானதற்கு நாமக்கல் காரணம். நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டையிடும் அந்தப் பண்ணைகளின் கொள்முதல் விலையை தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது, பத்திரிகைகள் தங்கம் வெள்ளிக்குப் பக்கத்தில் அச்சிடுகின்றன. புரட்டாசியில் விலை இறங்கும், மார்கழிக் குளிரில் வடக்கே தேவை கூடும்போது ஏறும். நாட்டுக்கோழி முட்டைக்கு இரு மடங்கு விலை கொடுப்பவர்கள் ருசிக்காகக் கொடுக்கலாம். அளவில் அது சிறியது. எடைக்கு எடை புரதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பண்ணைக் கோழி தினமும் தின்பது சுமார் 110 கிராம் தீவனம். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அதில் முக்கியம். அந்தத் தீவனத்தில் 18, 19 கிராம் புரதம் உள்ளே போய், ஆறரை கிராம் முட்டையாக வெளியே வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு இழப்பு. அப்படியானால் கோழிக்குப் போகிற சோயாவை மனிதரே நேராகச் சாப்பிட்டால் என்ன?

அதுதான் மீல் மேக்கர். எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்தத்திலும் சூட்டிலும் பிதுக்கி உப்பவைத்த உருண்டை. காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம், தரமும் பாலுக்கு அருகில். பாக்கெட்டில் போட்டிருக்கும் 52-ஐப் பார்த்துப் பலர் ஏமாறுவதும் உண்டு. வெந்நீரில் ஊறியதும் அது இரண்டு மூன்று மடங்கு எடை கூடுகிறது. குருமாவில் கிடக்கும் எட்டு உருண்டைகளைக் காய்ந்த எடைக்கு மாற்றிப் பார்த்தால் ஒரு முட்டைக்குச் சமம் வரும். அவ்வளவுதான், ஆனால் விலை மூன்றில் ஒன்று.

மலிவுப் புரதத்துக்கான தேடல் ஒரு காலத்தில் உலக அரசியலாகவே இருந்தது. 1933-ல் கோல்டு கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் கால் வீங்கி, முடி நிறம் மாறி, தோல் உரிந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் நின்று, மக்காச்சோளக் கஞ்சிக்கு மாறிய பிள்ளைகள் அவை. குவாஷியோர்கர் என்ற அந்த நோய் புரதக் குறைவின் அடையாளமானது. 1968-ல் ஐ.நா., வரவிருக்கும் புரத நெருக்கடியைத் தடுக்கச் சர்வதேச நடவடிக்கை தேவை என்று அறிக்கையே வெளியிட்டது. மீன் மாவு, இலைப் புரதம், பாசி என்று எல்லாம் சோதிக்கப்பட்டன. பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் கச்சா எண்ணெயின் மெழுகில் ஈஸ்ட்டை வளர்த்துத் தீவனம் செய்தது. எண்ணெய் விலை ஏறியதும் அந்தக் கனவு கரைந்தது.

இந்தியாவின் நம்பிக்கை வேர்க்கடலையின் மேல் இருந்தது. 1950-ல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், முதல் இயக்குநர் வி. சுப்ரமணியனின் காலத்தில், எண்ணெய் எடுத்த கடலை மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் கலந்து 'இந்தியப் பல்நோக்கு உணவு' என்ற மாவை உருவாக்கியது. எண்ணெய்ச் செக்கில் புண்ணாக்காகப் போய் மாடு தின்கிற புரதத்தை மனிதருக்குத் திருப்பும் எளிய யோசனை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. தேடிப் போனபோது காரணம் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணம் என்று தெரிந்தது. அதன் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரத்தோடு மூட்டை கட்டிய எந்தக் கடலையிலும் அது வரலாம், கல்லீரலைக் கெடுக்கும். கடலை மாவின் மேல் கட்டிய திட்டங்கள் எல்லாம் அதன்பிறகு தயங்கித் தயங்கித்தான் நடந்தன. வீட்டளவில் பாடம் எளிது: சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கிற கடலையைப் பொறுக்கி எறிய வேண்டும், வறுத்தால் சரியாகிவிடும் என்று நம்பக் கூடாது, அந்த நஞ்சு வறுப்பதில் முழுதாகப் போகாது.

இந்த மாவுகளில் நிலைத்தவை மிகச் சில. குவாத்தமாலாவின் இன்காபரினா இன்றும் விற்கிறது. மக்காச்சோளத்தோடு பருத்திவிதை மாவைக் கலந்து தொடங்கிய அது, அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்துவந்த கஞ்சியின் வடிவிலேயே வந்தது. மற்றவை மருந்து மாதிரி வந்து, மருந்து மாதிரியே ஒதுக்கப்பட்டன.

தேடலின் அடிப்படையையே கேள்வி கேட்டவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்தவர். ஹைதராபாத் நிறுவனத்தை வழிநடத்திய சி. கோபாலனும் அவரது சகாக்களும் கிராமக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒரே மாதிரி உணவு தின்ற குழந்தைகளில் சிலருக்குக் குவாஷியோர்கரும் சிலருக்கு எலும்பும் தோலுமான மராஸ்மஸும் வந்தன. அந்தச் சாப்பாட்டில் புரதத்தைவிட மொத்தச் சாப்பாடுதான் குறைவு என்றார் கோபாலன். வயிறு நிறையாத உடல், கொடுத்த புரதத்தை அடுப்பில் விறகாகப் போட்டு எரித்துவிடும். 1974-ல் டொனால்டு மெக்லாரன் லான்செட் இதழில் இந்த முழு முயற்சியையும் மாபெரும் புரதப் படுதோல்வி என்றே எழுதினார். கட்டுரையின் சூடு கொஞ்சம் அதிகம். ஆனாலும் ஏழைக் குழந்தைக்கு ஒரு கரண்டி எண்ணெயும் இன்னொரு கரண்டி சோறும், விலையுயர்ந்த புரத மாவைவிட அவசரம் என்ற அவரது வாதம் நிலைத்துவிட்டது.

இன்றைய தமிழகத்தில் நிலைமை தலைகீழ். 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம். வயிறு நிறைகிறது, தட்டின் சமன்பாடுதான் கெட்டிருக்கிறது. பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் பெருக்கியது. பயறு வகைகள் மானாவாரி நிலத்துக்கு ஒதுங்கின. ஹெக்டேருக்கு ஒரு டன் எடுப்பதே பெரும்பாடு. துவரைக்கு மியான்மரையும் மொசாம்பிக்கையும் நம்பியிருக்கிறோம். 2015 அக்டோபரில் பல நகரங்களில் துவரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது அந்த நம்பிக்கையின் விலை. அப்போதும் கொள்ளும் தட்டைப்பயறும் அந்த உயரத்துக்கு ஏறவில்லை. துவரை இல்லாமல் சாம்பாரே இல்லை என்ற பிடிவாதத்துக்குத்தான் அதிக விலை.

55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் ஒரு நாளைக் கணக்கிடலாம். 300 கிராம் அரிசியில் 24 கிராம் புரதம். சாம்பார்ப் பங்கில் 5. ஒரு கிண்ணம் தயிரும் காய்கறியும் சேர்ந்து 5. மொத்தம் 34. தேவை 55 என்று வைத்தால் 21 கிராம் குறைகிறது. ஒரு முட்டை ஆறரை கிராம் தரும். உலர்ந்த எடையில் 30 கிராம் கொண்டைக்கடலை சுண்டலாகி ஐந்தரை கிராம் தரும். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலை 7 கிராம். சாம்பாரில் ஆளுக்கு இன்னொரு 25 கிராம் பருப்பைக் கூட்டினால் 5. குறை தீர்ந்து மூன்று கிராம் மிஞ்சுகிறது. செலவு, வெளிச்சந்தை விலையில், சுமார் 17 ரூபாய். முட்டை சாப்பிடாதவர் அதற்குப் பதில் மீல் மேக்கரைச் சேர்த்தால் இன்னும் குறையும். கடலோர ஊர்களில் மலிவாகக் கிடைக்கும் சாளை இருந்தால் முட்டையும் வேண்டாம், சுண்டலும் வேண்டாம். 100 கிராம் மீனில் 18 கிராமுக்குக் குறையாது.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கைத் தாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. முதியவர்களுக்கோ அளவு கூட வேண்டும். 65 வயதுக்கு மேல் தசை தானாகவே கரைவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. நம் வீடுகளில் அந்த வயதில்தான் இரவுக்குக் கஞ்சியும் ஊறுகாயும், அல்லது இரண்டு இட்லியும் சர்க்கரையும் என்று ஆகிவிடுகிறது. பல் இல்லாதவர்களால் சுண்டலையும் கடலையையும் மெல்ல முடியாது. அவர்களுக்குப் பொட்டுக்கடலையை மாவாக்கிக் கஞ்சியில் இரண்டு கரண்டி கலக்கலாம், வேர்க்கடலையைத் துவையலாக அரைக்கலாம், பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து இட்லிக்குச் சாம்பாரின் இடத்தில் ஊற்றலாம். இரண்டு கரண்டிப் பொட்டுக்கடலை மாவு 30 கிராம் இருக்கும். புரதம் ஆறு கிராம், விலை 4 ரூபாய்.